இருட்டை ஆயத்தம் செய்கிறவர்கள்

பெரிய சனிக்கிழமைக்கு வாங்க வேண்டியவற்றைப் பட்டியல் போடும்போது மெழுகுதிரி, கரி, சாம்பிராணி, பூ, புது விரிப்பு என்று எழுதுவோம். இருட்டு என்று யாரும் எழுதுவதில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டுக்கு முதலில் வேண்டியது அதுதான். கிறிஸ்து ஒளியாய் வருகிறார் என்று அந்த இரவு அறிக்கையிடுகிறது. ஆலயத்தில் நாலு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தால் அந்த அறிக்கை வெறும் வாய்ப்பேச்சாகிவிடும். பங்குக் கோயில்களில் உபதேசியாராகவோ கோயில் பிள்ளையாகவோ, பீடச் சிறுவர்களைப் பழக்கும் அண்ணனாகவோ வேலை செய்கிறவர்களுக்கு இது கைப்பாடம்.

திருச்சபையே இதை ஒருமுறை மறந்து, மீண்டும் கற்றுக்கொண்டது. பல நூற்றாண்டுகளாகப் புனித சனி வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்தது. சன்னல் வழியே வெயில் அடிக்க, "இதுவே அந்த இரவு" என்று பாடினார்கள். 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் பரிசோதனையாக அதை மீண்டும் இரவுக்கு மாற்றினார். 1955 நவம்பரில் வந்த புனித வாரச் சீர்திருத்தம் அதை நிலைநிறுத்தியது. இன்றைய விதி தெளிவானது: இருள் கவிந்த பிறகே தொடங்க வேண்டும், ஞாயிறு விடியுமுன் முடிக்க வேண்டும். மாலைத் திருப்பலி நேரத்திலேயே இதையும் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் ஊரில் மார்ச் கடைசி, ஏப்ரலில் சூரியன் ஆறரை வாக்கில் மறைந்தாலும் வானம் முழுக்க இருள ஏழேகாலுக்கு மேல் ஆகும்.

இருட்டைக் கெடுப்பது பெரும்பாலும் சின்னச் சின்னப் பொருள்கள்தான். மெயின் சுவிட்சை இறக்கிய மறுநொடி, சுவரில் மாட்டிய எமர்ஜென்சி விளக்குகள் "கரண்ட் போச்சு" என்று தாமாக எரியும். அவற்றைப் பகலிலேயே கழற்றி வைக்க வேண்டும். இன்வெர்ட்டரில் இணைந்த விளக்கு எது எது என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். இன்னொரு பக்கம், மெயினை இறக்கினால் மைக்கும் போய்விடும். வெளியே தீயருகில் நிற்கும் குருவின் குரல் பத்தடிக்கு மேல் கேட்காது. ஒலிபெருக்கிக்குத் தனி இணைப்பு எடுத்துவிட்டு, விளக்கு சர்க்கியூட்டுகளை மட்டும் இறக்குவதே சரி. நற்கருணைப் பேழை அருகில் எரியும் விளக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெரிய வியாழன் இரவோடு பேழை காலியாகிவிடுவதால் அந்த விளக்கும் அணைந்தே இருக்கும்.

நிலவையும் கணக்கில் வையுங்கள். வசந்தகாலச் சமநாளுக்குப் பின் வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு விழா. ஆகவே திருவிழிப்பு இரவில் நிலா ஏறக்குறைய முழுமையாகவோ தேய்ந்துகொண்டோ இருக்கும். இரவு பதினொன்றுக்குத் தொடங்கும் கோயில்களில் சில ஆண்டுகள் முற்றமெல்லாம் பால்போல் வெளிச்சமாக இருக்கும். அப்போது கிழக்குச் சன்னல்களை மூடிவைத்தால் ஆலயத்துக்குள்ளாவது இருள் நிற்கும்.

அடுத்தது தீ. "இருளை உண்மையாகவே அகற்றும் தீ" வேண்டும் என்ற பொருளில் 1988இல் உரோமையிலிருந்து வந்த சுற்றறிக்கை சொல்கிறது. மண்சட்டியில் நாலு கற்பூரக் கட்டி போட்டு முடிப்பது அதற்கு ஈடாகாது. பாதி அறுத்த இரும்பு டிரம், காய்ந்த வேலிக்காத்தான் கட்டை, இடையில் தேங்காய் மட்டை, அடியில் கொஞ்சம் காய்ந்த ஓலை, இது போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தரையோடு பரவி, குனிந்து பற்றவைப்பவர் முகத்தில் ஒரே வீச்சாய் அடிக்கும். தலைக்கு மேல் ஓலைப் பந்தலோ அலங்காரத் துணியோ இருக்கக் கூடாது. மக்கள் பத்தடி தள்ளி நிற்கட்டும். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தூபக் கலசத்துக்கான கரியை இந்தத் தீயிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதால் சிரட்டைக் கரியை இருபது நிமிடம் முன்பே ஓரமாகப் போட்டுவைக்க வேண்டும். இதை மறந்தால் கறுத்த கரியில் சாம்பிராணி போட்டு, பீடச் சிறுவன் வாயால் ஊதிக்கொண்டே பவனியில் நடக்க நேரும்.

அந்தத் தீயிலிருந்து ஏற்றப்படும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதே சுற்றறிக்கை இதற்கு வைக்கும் நிபந்தனைகள்: மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், போலியாக இருக்கவே கூடாது, ஆண்டுதோறும் புதிதாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக, போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி எரிக்கும் திரி மலிவுதான், வளையாது, ஒழுகாது. ஆனால் அது குறையவும் குறையாது. தன்னைக் கரைத்து ஒளி தருவதே இந்த அடையாளத்தின் உயிர். போன வருடத் திரியில் ஆண்டு எண்ணை மட்டும் ஸ்டிக்கரால் மாற்றி ஒட்டுவதும் இதே வகைத் தவறு.

3 அங்குல விட்டமும் 3 அடி உயரமும் உள்ள திரி மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை வரும். பவனியில் ஏந்துபவர் அதைக் கூட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டியிருப்பதால், வலுவான கை தேவை, ஒத்திகையும் தேவை. திரியைப் படுக்க வைத்து வெயில் படும் அறையில் சேமித்தால் ஏப்ரல் சூட்டில் வில்லாக வளைந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து நிறுத்தியே வையுங்கள்.

தீயை மந்திரித்த (ஆசீர்வதித்த) பின் குரு திரியில் சிலுவை கீறுகிறார். நேர்க்கோட்டுக்கு "கிறிஸ்து நேற்றும் இன்றும்", குறுக்குக்கோட்டுக்கு "தொடக்கமும் முடிவும்", மேலே அகரம், கீழே னகரம், பிறகு ஆண்டின் நான்கு எண்கள். முதல் எண் இடது மேல் மூலை, இரண்டாவது வலது மேல், மூன்றாவது இடது கீழ், நான்காவது வலது கீழ். காலமெல்லாம் அவருடையது என்று சொல்லிக்கொண்டே நடப்பு ஆண்டைச் செதுக்குவதில் எனக்கு எப்போதும் ஓர் ஆழம் தெரிகிறது. நித்தியத்தைப் பற்றிய அறிக்கை, மின்கட்டண ரசீதில் வரும் அதே எண்ணோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. அடுத்து ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகள்: மேலே, நடுவே, கீழே, பிறகு இடம், வலம். மணிகளை அப்படியே அழுத்தினால் மெழுகு வெடிக்கும், அல்லது மணி தெறித்து இருட்டில் விழும். பகலிலேயே காய்ச்சிய ஆணியால் ஐந்து துளையும் போட்டுவைத்தால் குருவின் விரல் தடுமாறாது. திரிநூலின் நுனியில் அப்பியிருக்கும் மெழுகைச் சுரண்டிவைத்தால் முதல் தொடுதலிலேயே பற்றும். காற்றடிக்கும் கடற்கரை ஊர்களில் இது மிக முக்கியம்.

இந்தப் பவனியில் சிலுவை முன்னே போவதில்லை, மற்றத் திரிகளும் போவதில்லை. தூபக் கலசம், அதன் பின் பாஸ்கா திரி, அதன் பின் மக்கள். "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று மூன்று முறை பாட வேண்டும்: ஆலய வாசலில் முதல் முறை, நடுவில் இரண்டாம் முறை, பீடத்தின் முன் மக்களை நோக்கி மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் குரல் ஒரு படி உயரும். இரண்டாம் முறைக்குப் பின்தான் மக்களின் திரிகள் பற்ற வேண்டும். ஒரே ஒரு பீடச் சிறுவனை அனுப்பினால் ஐந்நூறு பேருக்கு ஒளி போய்ச் சேர்வதற்குள் குரு பீடத்துக்கே போய்விடுவார். ஆறு பேர் பாஸ்கா திரியிலிருந்து பற்றவைத்துக்கொண்டு, நடுவழியில் ஒவ்வொரு வரிசையின் முதல் ஆளுக்கு மட்டும் கொடுத்தால், மீதியை வரிசை பார்த்துக்கொள்ளும்.

இங்கே ஒரு செய்கையைச் சொல்லிக்கொடுக்காமல் விடக் கூடாது. எரியும் திரியைச் சாய்க்காதீர்கள். எரியாத திரியைச் சாய்த்துச் சுடரிடம் கொண்டுபோங்கள். எரிகிற திரியைச் சாய்த்தால் உருகிய மெழுகு அடுத்தவர் கையில் கொட்டும், பக்கத்துச் சேலை முந்தானை வீணாகும், சுடரும் பெரும்பாலும் அணையும். எரிகிற திரியை ஏந்தியவர் நிமிர்ந்து நிற்க, பெறுகிறவர் குனிந்து வருகிறார். இருட்டில் பக்கத்து ஆளின் முகம் கீழிருந்து மேலாக மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். வருடம் முழுக்கப் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள் ஒரே வரிசையில் நின்றாலும் அந்த நொடியில் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. பத்து சென்டிமீட்டர் அட்டை வட்டத்தில் கூட்டல் குறி போல வெட்டித் திரியைச் சொருகிக் கொடுத்தால் விரல் சுடாது. முன்னே நிற்பவரின் முக்காட்டிலும் மல்லிகைச் சரத்திலும் சுடர் படாமல் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

திரி அதன் தாங்கியில் நின்றபின் பாஸ்கா புகழுரை என்ற பாடல். திருத்தொண்டரோ (டீக்கன்) குருவோ பாட இயலாவிட்டால் பொதுநிலையினர் பாடலாம். அப்போது தமக்காக வேண்டச் சொல்லும் பகுதியையும் "ஆண்டவர் உங்களோடு" என்ற வாழ்த்தையும் விட்டுவிட வேண்டும். மெழுகைத் தந்த தேனீக்களைக்கூட அந்தப் பாடல் நினைத்துப்பார்க்கிறது. பல சுடர்களாகப் பகிரப்பட்டும் இந்த ஒளி குறைவதில்லை என்கிறது. ஐந்நூறு திரிகளும் எரியும்போது அது பாடப்படுவதால் கேட்பவர்களுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. பாடுகிறவருக்குக் கைபேசி வெளிச்சத்தில் வாசிக்கும் நிலை வரக் கூடாது. வாசக மேடையில் ஒரு சின்ன விளக்கை மறைத்து வையுங்கள், அல்லது இருவர் இருபுறமும் திரி பிடிக்கட்டும்.

இவ்வளவு ஏற்பாடும் யாருக்காக என்று கேட்டால், முதலாவதாக அன்றிரவு திருமுழுக்குப் பெறும் பெரியவர்களுக்காக. இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் இந்தக் கழுவுதலுக்கு "ஒளியூட்டல்" என்று பெயர் வழங்குவதாக எழுதியிருக்கிறார். எருசலேம் ஆயர் சிரிலின் பெயரில் வழங்கும் மறைபோதனைகளில், திருமுழுக்குப் பெறுவோர் இருளின் திசையான மேற்கு நோக்கிக் கை நீட்டிச் சாத்தானை மறுத்து, பின் கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுகிறார்கள். எபேசியர் திருமுகம் (5:8) இன்னும் கடுமையாகப் பேசுகிறது. நீங்கள் இருளில் இருந்தீர்கள் என்று சொல்லாமல், இருளாகவே இருந்தீர்கள், இப்போது ஆண்டவரில் ஒளியாக இருக்கிறீர்கள் என்கிறது.

அந்த மாற்றம் ஒரே இரவில் நடந்துவிடும் என்று எதிர்பார்ப்பது மறைக்கல்வி தருகிறவர்கள் செய்யும் பெரிய பிழை. தவக்காலத்தின் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்களுக்காக நடக்கும் ஆய்வு வழிபாடுகளில் சமாரியப் பெண், பிறவிப் பார்வையற்றவர், இலாசர் ஆகிய மூன்று நற்செய்திகள் வாசிக்கப்படுகின்றன. நடுவில் உள்ள யோவான் 9ஐ மெதுவாகப் படியுங்கள். அந்த மனிதருக்கு 7ஆம் வசனத்திலேயே கண் திறந்துவிடுகிறது. ஆனால் 11இல் அவர் "இயேசு எனப்படும் மனிதர்" என்றுதான் சொல்கிறார். 17இல் இறைவாக்கினர் என்கிறார். 33இல் கடவுளிடமிருந்து வந்தவர் என்கிறார். 34இல் அவரை வெளியே தள்ளுகிறார்கள். தள்ளப்பட்டவரை இயேசு தேடி வந்த பிறகு, 38இல்தான் "ஆண்டவரே, நம்பிக்கை கொள்கிறேன்" என்று பணிகிறார். கண் ஒரு நொடியில் திறந்தது. திறந்தவர் யார் என்று அறிய கேள்வி, விசாரணை, தனிமை எல்லாம் கடக்க வேண்டியிருந்தது. ஆகவே ஆயத்தமாகும் ஒருவர் ஏழாம் மாதத்தில் தடுமாறினால் பயப்பட வேண்டாம். வீட்டில் எதிர்ப்பு வந்திருக்கும், சொந்தக்காரர் விசேஷத்துக்கு அழைக்காமல் விட்டிருப்பார்கள். ஞானப்பெற்றோர் அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

"உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாடலைப் பாடும்போது பீடத்திரிகள் எரிகின்றன, மணிகள் ஒலிக்கின்றன. நம் கோயில்கள் பலவற்றில் அந்த நேரத்தில் திரை விலகி, புகைக்கு நடுவே உயிர்த்த ஆண்டவர் சுரூபம் எழும்பும், வெளியே வெடி வெடிக்கும். மக்களின் மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கம்பியும் கப்பியும் சரிபார்ப்பதற்கு இளைஞர்கள் மூன்று நாள் உழைத்துவிட்டு, திரியில் துளை போட மறந்துவிடுகிறார்கள். முதன்மையான அடையாளம் சுரூபம் அல்ல. ஒன்றரை மணி நேரமாக எரிந்துகொண்டிருக்கும் அந்தத் திரிதான். உழைப்பும் அந்த வரிசையிலேயே பகிரப்பட வேண்டும்.

தண்ணீரை மந்திரிக்கும்போது திரியை ஒரு முறையோ மூன்று முறையோ நீரில் இறக்கலாம். அதற்குள் சுடரைச் சுற்றி மெழுகு குளமாகத் தேங்கியிருக்கும்; இறக்குபவர் சாய்த்தால் தண்ணீர் முழுக்க மெழுகுத் துளிகள் மிதக்கும். நேராக இறக்கி நேராக எடுக்க வேண்டும். திருமுழுக்குக்குப் பின் வெள்ளாடை, பிறகு ஞானப்பெற்றோர் பாஸ்கா திரியிலிருந்து பற்றவைத்துக் கொடுக்கும் திரி. அதை அப்படியே அணைத்து மேசையில் போட்டுவிடாமல், பெயரும் தேதியும் எழுதிய உறையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் வீட்டுச் செபத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

பெந்தகோஸ்து வரை ஐம்பது நாளும் பாஸ்கா திரி வாசக மேடை அருகில் நிற்கும். ஒவ்வொரு முறை ஏற்றுமுன்னும் கருகிய நூலை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கினால் புகை வராது, குழி விழாது. அதன்பின் திருமுழுக்குத் தொட்டி அருகே போகும். ஆண்டு முழுக்கக் குழந்தைகளின் சிறு திரிகள் அதிலிருந்தே பற்றும். அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டி அருகே அதுவே எரியும். சாவு வீட்டார் முன்னறிவிப்போடு வருவதில்லை. ஆகவே திருப்பொருள் அறைச் சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்பது கோயில் பிள்ளைக்கும் உபதேசியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தீப்பெட்டி ஒன்று எப்போதும் திரித்தாங்கியின் அடியிலேயே இருக்கட்டும்.