எத்தனை நாள் கழித்து?

கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று எழுதியது நான்தான். சின்ன வயதில் பெனிசிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் குடித்து உடம்பெல்லாம் தடித்துப்போனதாக நோயாளியான அந்த அம்மா சொன்னார். எழுதிவிட்டேன்.

"எவ்வளவு நேரத்துல வந்துச்சு சிஸ்டர்? உடனேயா, நாள் கழிச்சா?" என்றார் டாக்டர்.

"கேக்கல சார்."

"அப்ப எந்த வகைன்னு வெச்சுக்கறது?"

அவர் திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அலர்ஜியின் நான்கு வகையும் எனக்குத் தெரியாததா? 1963-இல் ஜெல், கூம்ப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரித்தது. பரீட்சையில் எழுதித் தேறியதுதான். முதல் வகையில் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி, அதாவது உடம்பின் எதிர்ப்புப் புரதம், தூண்டிவிட, மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் வீக்கமும் அரிப்பும் தரும் ஹிஸ்டமினைக் கொட்டும். பெரும்பாலும் நிமிடங்களில் தெரிந்துவிடும். இரண்டாவதில் ஆன்டிபாடி செல்லையே தாக்கும், பொருந்தாத ரத்தம் ஏற்றினால் நடப்பதுபோல. மூன்றாவது, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியுமாக வரும் சீரம் சிக்னஸ். நான்காவது, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் வேலை, மெதுவாகத்தான் தெரியும். காசநோய்த் தோல் சோதனையை 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது அதனால்தான். பெனிசிலினால் இந்த நான்குமே வரலாம்.

திரும்பப் போய்க் கேட்டேன். "எனக்கு எங்க ஞாபகம் இருக்கு சிஸ்டர்? மருந்து முடியப்போற சமயத்துல வந்துச்சுன்னு எங்கம்மா சொல்வாங்க."

அப்படியென்றால் முதல் வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. அப்போது வைரஸ் காய்ச்சல் இருந்திருந்தால் அதுவே தடிப்புக்குக் காரணமாக இருந்திருக்கலாம். பெனிசிலின் ஆகாது என்று குறிக்கப்பட்டவர்களைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் தெரிந்ததே. அந்தச் சிவப்பு வரியோ ஆயுசுக்கும் கூடவே போகும். ஒவ்வொரு தொற்றுக்கும் இரண்டாம்பட்ச மருந்துதான்.

ஆனால் ஊசி போட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி, பிரஷர் இறங்கி, தொடையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போடப்போட மூச்சுக்குத் தவித்தவரை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த கை சிவப்புப் பேனாவைத்தான் எடுக்கும். நாள் கழித்து வருவதெல்லாம் சாதுவும் இல்லை. தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் அப்படித்தான் வருகிறது.

சிவப்பு வரிக்குக் கீழே நீல மையில் சேர்த்தேன்: 'மருந்து முடியும் தறுவாயில் தடிப்பு. மூச்சுத்திணறல் பற்றித் தெரியவில்லை.' டாக்டர் படித்தார், தலையாட்டினார். அப்புறம் பெனிசிலின் வகையே இல்லாத வேறொரு மருந்தை எழுதினார். ஏன் சார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.