எண்ணெய்க் கணக்குல ஃபெயிலாகி ரெண்டாவது தடவை பாஸான கதை (பிஎம்இஜிபி லோன், வீட்டுப் பலகாரம்)

பிஎம்இஜிபின்னா புதுசா சிறுதொழில் ஆரம்பிக்கிறவங்களுக்கு பேங்க் லோனோட மானியமும் குடுக்குற மத்திய அரசு ஸ்கீம். அதுல போன வாரம்தான் எனக்கு சாங்ஷன் லெட்டர் கைக்கு வந்துச்சு. ப்ராஜெக்ட் 4 லட்சம், என் பங்கு 20 ஆயிரம். மொத தடவை போட்ட அப்ளிகேஷன் திரும்பி வந்தப்ப ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அந்தக் கோவம் இன்னும் கொஞ்சம் இருக்கு, அதோடயே எழுதுறேன். ஃபார்ம் எப்படி ஃபில் பண்றதுன்னு எல்லாருக்கும் தெரியும், அத விட்ருவோம்.

எங்க ஊரு கானாடுகாத்தான் பக்கம். எங்க அயித்த சுடுற தேன்குழலுக்கும் மணகோலத்துக்கும் சொந்தக்காரங்க மத்தியில நல்ல பேரு, அதுதான் என் ஆராய்ச்சி மொத்தமும்! ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட ஒரு பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்து அடிச்சு வாங்குனேன். பேங்க்ல உக்கார வச்சு மேனேஜர் ரெண்டே கேள்விதான் கேட்டாரு. ஒரு கிலோ மாவுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும்மா? ரிப்போர்ட்ல இருந்தபடி 200 கிராம்னு சொன்னேன். நிறுத்துப் பாத்தீங்களான்னாரு. முழிச்சேன். அடுத்து, கேஸ் செலவு எந்த சிலிண்டர் விலைன்னாரு. நான் வீட்டு சிலிண்டர் ரேட்ட போட்டுருந்தேன், தொழிலுக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வைக்கணும்னு அப்பத்தான் ஒறச்சுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சது.

வீட்டுக்கு வந்து மறுநாளே தராசு ஒண்ணு வாங்குனேன். கடாய்ல சரியா 2 கிலோ எண்ணெய ஊத்தி ஒரு கிலோ மாவ தேன்குழலாப் பிழிஞ்சு எடுத்துட்டு, ஆற விட்டு மிச்சத்த நிறுத்தா 1 கிலோ 620 கிராம். அதாவது குடிச்சது 380! ஒரு நாளைக்கு 20 கிலோ மாவு, மாசம் 25 நாள்னு ரிப்போர்ட்ல எழுதியிருந்தேன், அப்ப மாசத்துக்கு 90 கிலோ எண்ணெய் கணக்குலயே வரல. லாபம்னு காமிச்சதுல பாதிக்கிட்ட அதுலயே காலி. அயித்த பாத்துட்டு "இத எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேனேடி"ன்னாங்க. சரி, கேட்டேன், எவ்வளவுன்னு. "நிறையத்தான் குடிக்கும்"னாங்க. இத வச்சு என்ன ரிப்போர்ட் எழுத?

அதனால மத்தது எதைச் செய்றீங்களோ இல்லையோ, எண்ணெய மட்டும் நிறுத்துருங்க. மூணு தடவ, மூணு நாள், ஏன்னா மாவுல தண்ணி கூடுனா எண்ணெயும் மாறுது.

சந்தை ஆராய்ச்சின்னா கேள்வி எழுதி வீடு வீடாப் போய்க் கேக்கணும்பாங்க. எனக்கு அது வராது, புது ஆள்கிட்ட பேசுனா நாக்கு ஒட்டிக்கும். தெரிஞ்சவங்க எல்லாம் "நல்லா இருக்கும்மா, ஆரம்பி"ன்னுதான் சொல்லுவாங்க, வாங்குவாங்களாங்கறது வேற விஷயம். நான் காரைக்குடில ஒரு பலகாரக் கடைக்கு எதுத்தாப்ல மூணு சாயந்தரம் உக்காந்து யார் எத வாங்குறாங்கன்னு நோட்டுல கோடு போட்டேன். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போய்ட்டு வர்ற வெளியூர்க்காரங்க கால் கிலோ கால் கிலோவா நாலஞ்சு அயிட்டம் வாங்குறாங்க. உள்ளூர் ஆச்சிமார் கடையில நிக்கிறதே கம்மி, கல்யாணத்துக்கு, சீருக்குன்னா கிலோக் கணக்குல ஆர்டர்தான். அப்ப பாக்கெட் சைஸ் வேற, விலை வேற, ஆடி மார்கழில என்ன பண்றதுங்கறது வேற. மொத ரிப்போர்ட்ல பன்னெண்டு மாசமும் ஒரே விற்பனை போட்ருந்தேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

இன்னும் சிலது:

- பாக்கெட் போட்டு வச்சு அஞ்சு நாளைக்கு ஒண்ணா பிரிச்சுப் பாருங்க. தேங்காப்பால் ஊத்துன சீப்புச் சீடைதான் எனக்கு மொதல்ல சிக்கு வாடை அடிச்சது. அத லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டேன், அயித்தைக்கு வருத்தம்.
- உத்யம் பதிவு (சிறுதொழில்னு அரசாங்கத்துல பதியுறது) இலவசம். எங்கிட்ட 1,500 வாங்குனாங்க, நீங்க குடுக்காதீங்க.
- ஃபுட் சேஃப்டி ரெஜிஸ்ட்ரேஷன் நான் எடுத்தப்ப வருஷத்துக்கு 100 ரூபா.
- ஸ்கீம் புது யூனிட்டுக்கு மட்டும்தான், "ஏற்கனவே வித்துக்கிட்டு இருக்கேன்"னு பெருமையா சொல்லி மாட்டிக்காதீங்க. சாம்பிள் குடுத்துப் பாத்தது வேற.
- பொண்ணுங்களுக்கு கிராமம்னா மானியம் 35 சதவீதம், டவுன்னா 25. காரைக்குடில ரூம் பிடிக்கலாம்னு இருந்தேன், இதப் பாத்துட்டு வீட்லயே இருந்துட்டேன். அந்தப் பணம் மூணு வருஷம் பேங்க்லயேதான் கிடக்கும், உடனே கைக்கு வரும்னு கணக்குப் போடாதீங்க.

ரெண்டாவது தடவை வேற மேனேஜர். எண்ணெயப் பத்தி ஒரு வார்த்த கேக்கல! நானா நோட்ட எடுத்து நீட்டுனேன். ரெண்டு பக்கம் பொரட்டிட்டு, மணகோலத்துக்குப் பாகு வெல்லத்துலயா சீனிலயான்னாரு. வெல்லம்னேன். அடுத்த தடவ வர்றப்ப கொஞ்சம் கொண்டு வாங்கன்னாரு. நாளைக்குப் போறேன், 250 கிராம் நிறுத்து வச்சிருக்கேன்.