தராசுக்கு இரண்டு சர்வர்: சுங்கை சிப்புட் (மலேசியா) நாட்குறிப்பு

3 நவம்பர் 2025, திங்கள்

போன மாதம் செம்பனை எண்ணெய் மில்லில், லோரி எடைகளைப் பதிகிற தராசு சர்வரின் பவர் சப்ளை எரிந்து போய், காலை முழுக்க லோரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நின்றன. செம்பனைக் குலை காத்திருக்கிற சரக்கு இல்லை. வெட்டியதிலிருந்து எண்ணெயில் அமிலம் ஏறிக்கொண்டே போகும், 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைத்துவிட வேண்டும் என்பதுதான் மில்லுகாரர்களின் கணக்கு. அன்றைக்கு தராசு அக்கா எடையெல்லாம் கையால் எழுதி, கை வீங்கிப் போய் வீட்டுக்குப் போனார்.

இப்போது புதிதாக இரண்டு சர்வர் வந்திருக்கின்றன. ஒரே ரேக்கில் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் சர்வர், கீழ் சர்வர் என்றே எழுதுகிறேன்.

இன்று கீப்அலைவ்டி போட்டேன், ஒரு சர்வர் போனால் மற்றதை அதன் இடத்துக்குக் கொண்டுவருகிற மென்பொருள். இரண்டுக்கும் பொதுவாக ஓர் ஐபி (நெட்வொர்க் முகவரி), மேலதற்கு முன்னுரிமை 150, கீழதற்கு 100. மேல் சர்வர் நொடிக்கு ஒரு தடவை 224.0.0.18 முகவரிக்கு 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்று நொடி சத்தம் இல்லையென்றால், அதற்கு மேல் ஒரு சின்ன பொறுமை (256இல் கீழதன் முன்னுரிமை 100 போக மீதியை 256ஆல் வகுத்தால் 0.61 நொடி), ஆக 3.6 நொடியில் கீழது அந்த ஐபியை எடுத்துக்கொண்டு, முகவரி இனி தன்னிடம் என்று நெட்வொர்க் முழுக்க அறிவித்துவிடும். கூடவே ஒரு ஸ்கிரிப்ட், கீழே நகலாக ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை முதன்மையாக மாற்றும். மேல் சர்வரின் கரண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். தராசு அறையிலிருந்து விட்ட பிங்கில் ('இருக்கிறாயா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் சோதனை) நாலு பதில்தான் விட்டுப்போனது. சந்தோஷமாக இருந்தது.

9 நவம்பர், ஞாயிறு

மில் லீவு. கிராணி (ஆபீஸ் கணக்கர்) அண்ணனையும் தராசு அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன், வந்தார்கள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

ரேக்கில் இரண்டு சுவிட்ச் உண்டு. ஒன்றிலிருந்து தராசு அறைக்கு லைன் போகிறது, அதில்தான் மேல் சர்வர் மாட்டியிருக்கிறது. மற்றது ஆபீஸுக்கு, அதில் கீழ் சர்வர். இன்று கரண்டில் கை வைக்காமல், இரண்டு சுவிட்சுக்கும் நடுவே உள்ள கேபிளை மட்டும் உருவினேன். தோட்டத்தில் எலிக்காகவே ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிற ஊர் இது, கேபிள் அறுவது இங்கே கற்பனை இல்லை.

லோரிக்கு இரண்டு எடை. உள்ளே வரும்போது குலையோடு, கொட்டிவிட்டுப் போகும்போது வெறும் லோரி. இரண்டையும் கழித்தால் வருவதுதான் சிறுதோட்டக்காரருக்குக் காசு. அக்கா ஒரு லோரியின் உள்எடையைத் தராசு அறையில் பதிந்தார், 4072ஆம் சீட்டு வந்தது. வெளிஎடையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடச் சொன்னேன்.

"தம்பி, இந்த லோரி உள்ளயே வரலைன்னு சொல்லுது" என்றார் கிராணி அண்ணன்.

அவரையே வேறொரு லோரிக்குப் புதுச் சீட்டு போடச் சொன்னேன். அதற்கும் 4072. இரண்டு காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்: ஒரே நம்பர், ஒரே தேதி, வேறு வேறு லோரி நம்பர். மேல் சர்வர் சாகவில்லை, கீழதற்கு அதன் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கவில்லை என்பதைச் செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கீழதும் முதன்மையாகிவிட்டது. ஸ்பிலிட் பிரெய்ன் என்று படித்திருக்கிறேன், காகிதத்தில் பார்த்தது இன்றுதான். கேபிளைத் திரும்ப மாட்டினால் சரியாகிவிடுமா என்றால், இல்லை. போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி ரீவைண்ட் என்ற கருவி இரண்டு கணக்கையும் ஒன்று சேர்க்காது, ஒரு பக்கம் எழுதியதைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றதன் பின்னால் வரிசையில் நிற்க வைக்கும். எறியப்படுகிற பக்கத்தில் யாரோ ஒருவருடைய ஒரு லோரி குலை இருக்கும். கொட்டிய குலையை மறுபடி அள்ளி ஏற்றி நிறுக்க முடியாது.

10 நவம்பர், திங்கள்

மேனேஜர் கேட்டார், "ரெண்டு சர்வர் வாங்கியாச்சே தம்பி, இன்னும் என்ன?" இரண்டு சீட்டையும் காட்டினேன். பார்த்துவிட்டு, எவ்வளவு நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

12 நவம்பர், புதன்

கீப்அலைவ்டியை எடுத்துவிட்டு கோரோசிங்க் (சர்வர்கள் ஒன்றின் சத்தத்தை ஒன்று கேட்பதற்கு), பேஸ்மேக்கர் (எது எங்கே ஓட வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு). பெரும்பான்மை ஓட்டு உள்ளவர்தான் வேலை செய்யலாம் என்பது இதன் அடிப்படை விதி, இரண்டே பேர் இருந்தால் பெரும்பான்மை என்பதே இரண்டு, ஒருவர் போனால் மற்றவரும் உட்கார்ந்துவிடுவார். அதற்காக 'டூ நோட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, ஒரு ஓட்டே போதும் என்று விட்டுவிடும். அப்படி விட்டால் ஃபென்சிங் கட்டாயம்: சத்தம் கேட்காதவரின் கரண்டை முதலில் அணை, அணைந்தது என்று உறுதியான பிறகே அவர் வேலையை எடு.

அணைப்பதற்கு சர்வர்களின் ஐபிஎம்ஐ, சர்வருக்குள்ளேயே இருந்து தூரத்திலிருந்து வரும் கட்டளைக்குக் கரண்டை அணைக்கிற தனிக் கருவி. அந்த லைன்களைத் தனியாக ஒரு சின்ன சுவிட்சில் போட்டேன், இல்லாவிட்டால் கேபிள் அறுகிற அன்றைக்கு அணைக்கிற வழியும் சேர்ந்தே அறும். இரண்டு சர்வருக்கும் நேரடியாக ஒரு கேபிளும் போட்டு, கோரோசிங்குக்கு இரண்டாவது பாதை கொடுத்தேன். இன்னொன்று, இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அணைத்துவிடக்கூடும். அதனால் மேல் சர்வரை அணைக்கிற கருவிக்கு மட்டும் 10 நொடி தாமதம். தகராறு வந்தால் மேலது முந்திக்கொள்ளும்.

15 நவம்பர், சனி

நடுவில் உள்ள கேபிளை உருவினேன், நேரடிக் கேபிளையும் சேர்த்து. கீழது அணைந்தது, மேலது மட்டும் நின்றது, ஒரே 4073. நல்லது.

அப்புறம் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, மேல் சர்வரின் இரண்டு பிளக்கையும் பிடுங்கினேன். கீழது எடுக்கவில்லை. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், தே தாரிக் டீ ஆறிப்போனது, அப்போதும் இல்லை. லாகில் ஒரே வரி திரும்பத் திரும்ப: ஃபென்சிங் தோல்வி. பிறகுதான் புரிந்தது, ஐபிஎம்ஐக்கும் அதே பிளக்கிலிருந்துதானே கரண்ட்! கரண்ட் போன சர்வரிடம் 'அணைந்துவிட்டாயா' என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை. பதில் வராததால் கீழது காத்திருக்கிறது. அது செய்தது சரி. நான் கொடுத்த வழிதான் போதவில்லை. எங்கள் பழைய சர்வர் போனதே பவர் சப்ளையால்தான், அந்தச் சாவையே இந்த அமைப்பு தாங்காது என்றால் என்ன பயன்.

நெட்வொர்க்கில் கட்டளை கொடுத்து ஒவ்வொரு பிளக்காக அணைக்கக்கூடிய பிடியூ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அது வரும்வரை ரேக் கதவில் ஓர் அட்டை: சர்வர் நின்றால் நீங்களே போய்ப் பாருங்கள், இரண்டு பிளக்கும் வெளியே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், நான் கையால் உறுதி கொடுக்கிறேன்.

20 நவம்பர், வியாழன்

பிடியூ வந்தது. முதலில் ஐபிஎம்ஐ, அது தோற்றால் பிடியூ என்று இரண்டு படி. இரண்டு பிளக்கும் அணைந்த பிறகே ஏதாவது ஒன்றைத் திரும்பப் போட வேண்டும், ஒன்றை அணைத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் சர்வர் ஒரு நொடிகூட அணைந்திருக்காது. சோதித்தேன், கீழது எடுத்துக்கொண்டது.

27 நவம்பர், வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. மேல் சர்வரின் டிஸ்க் கண்ட்ரோலர் உறைந்துபோனது. பிங்குக்குப் பதில் சொல்கிறது, டேட்டாபேஸ் மட்டும் அசையவில்லை. பேஸ்மேக்கர் கேட்டது, பதில் இல்லை. நிறுத்தச் சொன்னது, நிற்கவும் இல்லை. உடனே கரண்டை அணைத்துவிட்டுக் கீழதை முதன்மையாக்கியது. நான் வீட்டில் இருந்தேன், போனில் செய்தி வந்து அக்காவைக் கூப்பிட்டபோது அவருக்கு விஷயமே தெரியாது, கொஞ்ச நேரம் ஸ்கிரீன் நின்றது, பிறகு வந்துவிட்டது என்றார். அப்போது தராசில் வெறும் லோரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது உள்ளே வந்தபோது பதிந்தது மேல் சர்வர். சீட்டைப் படிக்கச் சொன்னேன்.

"உள்எடை 14,860. வெளிஎடை 5,920. குலை 8,940 கிலோ. ஏன் தம்பி, ஏதாச்சும் தப்பா?"

"இல்லக்கா, சரியா இருக்கு" என்றேன்.