பதவி ஏன் காலியானது என்று கேட்டேன்

நேர்முகப் பேட்டியின் முடிவில் "நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றால், "இல்லை, நன்றி" என்று எழுந்துகொள்வதே பணிவு என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அப்படிச் சேர்ந்த முந்தைய வேலையில், ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் அரை மணி நேரம் நாள்தோறும் கணக்கில் வராமலே போனது. சேருமுன் கேட்டிருக்க வேண்டும் என்பது இரண்டு ஆண்டு கழித்துத்தான் உறைத்தது.

ஆகவே மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாசில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையிலிருந்து தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் பதவிக்கு அழைப்பு வந்ததும், பட்டர்வொர்த் ஃபெர்ரியில் அமர்ந்தபடியே பத்துக் கேள்விகளை எழுதினேன். இணையத்தளத்திலேயே விடை இருந்தவற்றை அடித்தேன். முதலாளி 13 விழுக்காடு சேமநிதி கட்டுவாரா என்பதையும் அடித்தேன். ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரையிலான சம்பளத்துக்கு அது சட்டமே விதித்திருப்பது. மூன்று மிஞ்சின.

"இந்தப் பதவி ஏன் காலியானது?" என்று முதலில் கேட்டேன். உற்பத்தி நிர்வாகி பேனாவை மூடி வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த மனிதவள அதிகாரியை ஒரு கணம் பார்த்தார். முன்பிருந்தவர் ஆறே மாதத்தில் விலகியதாகவும், இரவு ஷிப்டில் அவருக்குத் துணையாள் தராதது தங்கள் தவறு என்றும் சொன்னார். நான் அத்துடன் நிறுத்தாமல், "இப்போது துணைக்கு ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டேன். எழுதி வைத்திராத இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஏனெனில் அடுத்த மாதம் ஒருவர் சேர்கிறார் என்ற பதிலோடு, அதுவரை இரவுப் பணியில் தாமே உடனிருப்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.

முதல் மூன்று மாதங்களில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற கேள்விக்குப் பொதுவான பதிலே கிடைத்தது.

மூன்றாவது, வேலை நேரம். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே உச்சவரம்பு; மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரருக்கு ஓவர்டைம் சட்டப்படியான உரிமை. எனக்குச் சொல்லப்பட்ட சம்பளம் 3,600. சட்டத்தை எடுத்துப் பேசாமல், "பொறுப்பை ஒப்படைக்கும் நேரம் வேலை நேரத்தில் சேருமா?" என்று மட்டும் கேட்டேன். சேரும் என்றார் அதிகாரி. அதை நியமனக் கடிதத்தில் குறிப்பிட முடியுமா என்று தயக்கத்தோடு கேட்டேன், குறித்துக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. சம்பளம் இருந்த பக்கத்தைத் தாண்டி, அந்த ஒரு வரியைத் தேடினேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கையெழுத்திட்டேன்.