அறிவியல் அலமாரியா, அரசியல் அலமாரியா?

"அறிவியல்னா அந்தப் பக்கம், அரசியல்னா இந்தப் பக்கம். ரெண்டும் சேர்ந்ததுன்னா நான் எங்க போய்த் தேடுறது சார்?"

நாகர்கோவிலில் ஒரு நூலகத்தில் எனக்குக் கிடைத்த பதில் இது. சொன்னவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அரசியலில் இறங்கிய விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதக் கிளம்பினேன். வெளிநாட்டுப் பகுதியை வீட்டில் உட்கார்ந்தே முடித்தாயிற்று. வியட்நாம் போர்க் காலத்தில், 1969இல் அமெரிக்க இயற்பியலாளர்கள் தொடங்கிய அமைப்பின் 'சயின்ஸ் ஃபார் தி பீப்பிள்' இதழ்கள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. எகிப்தின் சூயஸ் கால்வாய்ப் பகுதி மீது பிரிட்டன் படையெடுத்ததைக் கண்டித்து 1957இல் இந்தியாவுக்கே குடிவந்த பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹால்டேனைப் பற்றியும் பஞ்சமில்லை.

தகராறு நம்ம பக்கத்துக் கதையில்தான். 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் மின்சாரத்துக்காகக் கட்டவிருந்த அணையை எதிர்த்தது. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், அணுசக்தித் துறையில் பொறியாளராக இருந்த எம்.பி. பரமேஸ்வரன் போன்றவர்கள் காட்டுக்காக மட்டும் வாதாடவில்லை. மின்திட்டத்தின் கணக்கையே பிரித்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்து மலையாள இதழ்கள்தான் எனக்கு வேண்டும்.

வடசேரியில் பஸ் ஏறி, மார்த்தாண்டம் நெரிசலில் வெந்து, திருவனந்தபுரத்தில் ஒரு நூலகத்துக்குப் போனால், கல்லூரிக் கடிதம் வேண்டுமாம். நான் எந்தக் கல்லூரியிலும் இல்லை. தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் வாங்கிக்கொண்டு மறுபடி போனால், "எந்த இதழ், எந்த மாதம்னு இதில் இல்லையே." எந்த மாதத்தில் என்ன வந்தது என்று பார்க்கத்தானே ஐயா வந்திருக்கிறேன்!

போகிறவர்கள் கடிதத்தில் '1975 முதல் 1985 வரையிலான அறிவியல் இதழ்கள் அனைத்தும்' என்று அகலமாகவே எழுதி வாங்குங்கள். 'அரசியல்' என்ற சொல் வேண்டாம், முகம் மாறிவிடுகிறது. 'சுற்றுச்சூழல்' என்றால் நாற்காலி போடுகிறார்கள். கணினிப் பட்டியலில் இல்லை என்றால் நம்பிவிடாமல், பைண்டு செய்யாத கட்டுகள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியில் காரியம் நடந்தது குழித்துறைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில். 1956க்கு முன், இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலத்தில் மலையாளம் படித்தவர். பரணிலிருந்து சணல் கயிறு கட்டிய இதழ்க் கட்டு ஒன்றை இறக்கினார். "மக்களே, இதைக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்ல பாத்துக்கோ." ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சமிருந்ததை அவர் வாசிக்க வாசிக்க, தமிழில் எழுதிக்கொண்டேன். கடிதமும் இல்லை, ஆதார் நகலும் இல்லை. நடுவில் இரண்டு முறை காப்பி வேறு.

அந்தத் தாள்களை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், மடிப்பில் உடைந்துவிடும். முற்றத்து வெளிச்சத்தில் வைத்துக் கைபேசியில் எடுப்பதே நல்லது.

திருத்திக் கொடுத்த கடிதத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. அந்த ஆசிரியர் வைத்திருந்த கட்டுக்குள் 1979இன் பாதி இதழ்களைக் காணோம். அதனால் திருவனந்தபுரத்துக்கு மறுபடி போய்த்தான் ஆக வேண்டும்.