பழைய யன்னலுக்கு ஏற்ற சுவர்

இடித்த வீட்டு யன்னல்களை வாங்கி வளவுக் கொட்டிலில் பொருத்த நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, சுவரை எழுப்பிவிட்டு யன்னல் தேட வேண்டாம் என்பதுதான். பழைய யன்னல்கள் இன்று கடையில் விற்கும் அளவுகளில் இருப்பதில்லை. ஆகவே யன்னலை வாங்கி, நிமிர்த்தி நிறுத்தி, அளந்த பிறகே கல் வைக்கத் தொடங்க வேண்டும். மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வளவின் பின்புறத்தில், தையல் இயந்திரத்துக்கும் தோட்டச் சாமான்களுக்குமாக ஒரு கொட்டில் கட்டியபோது இந்த ஒழுங்கையே பின்பற்றினோம்.

ஆரையம்பதிப் பக்கம் இடிக்கப்பட்ட ஒரு பழைய வீட்டிலிருந்து இரண்டு முதிரை மர யன்னல்கள் கிடைத்தன. மேலே கண்ணாடியும் கீழே பலகையுமாக இரட்டைக் கதவுகள், நிலையின் குறுக்கே உருண்டைக் கம்பிகள். பல தடவை பூசப்பட்டுத் தடித்திருந்த பச்சை வர்ணத்தின் கீழே, சாய்த்துப் பார்த்தால் அலையலையாக மின்னும் மஞ்சள் மரம் இருந்தது. அவ்வளவு முற்றிய முதிரையில் புதிதாகச் செய்விப்பது எங்கள் கைக்கு எட்டாத செலவு.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இடம் நிலையின் அடிக்கட்டை. மழைநீர் தங்குவதும் கறையான் ஏறுவதும் அங்கேதான். உளி நுனியால் குத்திப் பார்த்தால் நல்ல மரம் இடம் கொடாது. உக்கிய மரத்தில் உளி இறங்கிவிடும். பின்னர் மூலைக்கு மூலை இரு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்திருந்தால் நிலை சதுரமாக இருக்கிறது என்று பொருள். வண்டியில் ஏற்றுமுன் குறுக்காக ஒரு சட்டம் அறைந்துவிட்டால் அந்தச் சதுரம் குலையாமல் வீடு வந்து சேரும்.

பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்ப்பது நல்லதல்ல. அந்தக் காலத்து வர்ணங்களில் ஈயம் இருந்திருக்கக்கூடும் என்பதால், நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பழைய சாக்கில் சேர்த்து அகற்றினோம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும் என்பதால் முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்வது அவசியம்.

இரண்டு யன்னல்களும் ஒரே உயரமானவை அல்ல. அடிமட்டத்தைச் சமப்படுத்தாமல் தலைமட்டத்தைச் சமப்படுத்தியதால், இரண்டுக்கும் மேலாக ஒரே மட்டத்தில் லிண்டல் விட்டத்தை ஓட விட முடிந்தது. நிலையின் சுவரோடு ஒட்டும் பக்கங்களுக்குத் தார் பூசி, தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, முட்டுக் கொடுத்த பின்னரே மேசன் இரு பக்கமும் புளொக் கல்லை ஏற்றினார். யன்னலின் அடிக்கட்டு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது மட்டமாக இருந்தால் வாடைக்காற்றோடு வரும் மழை உள்ளேதான் வடியும்.

கதவுகளைப் பூச்சு வேலை காய்ந்த பிறகே மாட்டினோம். நான் கதவு ஓரத்தை நிலையோடு ஒட்டச் சீவச் சொன்னபோது தச்சு வேலை செய்யும் அண்ணன் மறுத்தார்: "தம்பி, இது கச்சான் காத்துல காய்ஞ்ச மரம். இப்ப இறுக்கிப் பொருத்தினா மாரிக்குத் திறக்க ஏலாது." அவர் விட்ட இடைவெளி ஒரு பழைய இரண்டு ரூபாய்க் குற்றி தடையின்றி நுழையும் அளவு. இங்கே கார்த்திகை தொடங்கித் தை வரை மழையும், வைகாசிக்குப் பிறகு வறண்ட கச்சான் காற்றும் என்று மரம் ஊதிச் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும்.

பிணைச்சல்களைப் பித்தளையில் போட்டோம். கடலும் வாவியும் அருகே இருக்கும் இடத்தில் சாதாரண இரும்புப் பிணைச்சல் விரைவில் கறள் பிடித்து, மரத்திலும் கறையை இறக்கும். செலவைக் குறைக்க விரும்புவோர் வேறெதில் குறைத்தாலும் கொண்டியிலும் தாழ்ப்பாளிலும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். காற்று வரும் பக்கத்து யன்னல் பிய்ந்து திறந்தால், உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். தகரக் கூரையுள்ள சிறிய கொட்டிலுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் கிழக்குப் பக்க யன்னலின் ஒவ்வொரு கதவுக்கும் மேலும் கீழும் தாழ்ப்பாள் வைத்து, ஆணி அறையாமல் நீளமான திருகாணிகளால் இறுக்கியிருக்கிறோம்.