அரை இஞ்சு ஜி.ஐ.

3 ஜூன் 2024, திங்கள்

சிங்கப்பூர் வேலைக்கான பிளம்பிங் டெஸ்ட்டுக்குப் பயிற்சி எடுக்க சென்டருக்கு வந்து சேர்ந்தாச்சு. பாய் கொடுத்தாங்க, தலகாணி நாம கொண்டாந்ததுதான். ராத்திரி முழுக்க பாத்ரூம் குழாய் சொட்டுது.

4 ஜூன், செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. மாஸ்டரும் ஷெட்டுக்குப் போகாம டிவி முன்னாடியே உக்காந்துட்டாரு. 39-ம் ஒரே பக்கம்னு ஆனப்புறம், இனி பாக்க ஒண்ணுமில்லன்னு எந்திரிச்சாரு.

மதியம் பைப்ப இணைக்கிற ஃபிட்டிங்ஸை ஒரு சாக்கு தரையில கொட்டி, கண்ண மூடிக்கிட்டு எடுத்து பேரு சொல்லணும்னாரு. எல்போ, டீ தப்பாது. சாக்கெட்டா ரெட்யூசரான்னு ரெண்டு பக்கமும் விரல விட்டாத்தான் தெரியுது. யூனியன், அதான் நடுவுல அவுத்து மாட்டுறது, கனத்துலயே தெரிஞ்சிடும். ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசுன இரும்புப் பைப்புல மஞ்சப் பட்டை ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. வெளிச்சுத்து மூணுக்கும் ஒண்ணுதான், தடிமன் உள்பக்கமாத்தான் கூடுது. அதனாலதான் மரை வெட்டுற டை மூணுக்கும் ஒண்ணே போதுமாம். இத்தன வருஷம் அந்தப் பட்டை கம்பெனி கலருன்னு நெனச்சிருந்தேன்.

6 ஜூன், வியாழன்

உள்ளங்கை எரியுது. இன்னிக்கு முழுக்க மரை போடுறதுதான்.

பைப்ப வைஸ்ல இறுக்கி, வெட்டுன வாய அரம் போட்டு, உள்ள இருக்குற பிசிறையும் எடுக்கணும். பிசிறு எடுக்காத பைப்புல தண்ணி கம்மியா வரும், பத்து வருஷம் கழிச்சு அந்த இடத்துலதான் அடைக்கும்னாரு மாஸ்டர். அப்புறம் டைய மாட்டி, ஒரு கையால அமுக்கிக்கிட்டே திருப்பணும். கடிக்கிற வரைக்கும் அமுக்கணும், கடிச்சப்புறம் அமுக்கக் கூடாது. கொஞ்சம் முன்னாடி போனதும் கால் சுத்து பின்னாடி எடுத்தா உள்ள சின்னதா ஒரு சத்தம் கேக்கும், இரும்புச் சுருள் அறுந்து விழும். எண்ணெய், மறுபடி முன்னாடி. பைப்பு வாயும் டை முகமும் சமமா வந்ததும் நிறுத்திரணும். அதுக்கு மேல ஓட்டுனா மரை நீளும், ஆனா நுனியில சரிவு போயிடும், எவ்வளவு முறுக்கினாலும் இறுகாது.

அரை இஞ்சுக்கும் முக்கா இஞ்சுக்கும், ஒரு இஞ்சு நீளத்துல 14 மரை. ஒரு இஞ்சுப் பைப்புக்கு 11. எல்போவ வெறும் கையாலயே மூணு நாலு சுத்து போட முடியணும், மீதி ரெஞ்சுக்கு. முடிஞ்சப்புறம் ரெண்டு மூணு மரை வெளிய தெரியணும். தெரியலன்னா மாஸ்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, சும்மா அதையே பாத்துட்டு நிப்பாரு. அதுக்குத் திட்டே தேவலாம்.

கூடத் தங்கியிருக்குற அறந்தாங்கி அண்ணனுக்கு வயசு நாப்பத்தொண்ணு. கொத்தனார் வேலையில இருந்து வந்தவரு. அவரு மரை என்னுதவிட சுத்தம்.

8 ஜூன், சனி

அப்பா போன் பண்ணாரு. கஜா புயலுக்கு அடுத்த வருஷம் வச்ச தென்னங்கன்னுல மேற்கு வரிசையில ஒண்ணு பாளை தள்ளியிருக்காம். வேற எதுவும் பேசல. வச்சிட்டாரு.

9 ஜூன், ஞாயிறு

ராத்திரி மேட்ச். 119-ஐ வச்சுக்கிட்டு பாகிஸ்தான மடக்கிட்டாங்க. குழாய் சொட்டுற சத்தம் இன்னிக்குத்தான் கேக்கல.

10 ஜூன், திங்கள்

டிராயிங் கொடுத்துட்டாங்க. அதுல இருக்குறது எல்லாம் சென்டர் டு சென்டர். எல்போ நடுவுல இருந்து எல்போ நடு வரைக்கும் 300ன்னு போட்டிருந்தா, 300 மில்லிமீட்டர் பைப்ப வெட்டுனா கதை முடிஞ்சது. அரை இஞ்சு எல்போவுக்கு நடுவுல இருந்து வாய் வரைக்கும் 28. அதுல 13 மரைக்குள்ள போயிடும். மீதி 15. ஒரு பக்கத்துக்கு 15, அடுத்த பக்கத்துக்கு 15, ஆக 270 வெட்டணும். டீக்கும் அதே 15. முக்கா இஞ்சுக்கு 18. ஒரு இஞ்சுக்கு 21. கேட் வால்வுக்கு மட்டும் கணக்கு கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையில வச்சு அளந்துக்கணும்.

பரமக்குடி தம்பி பாலிடெக்னிக் படிச்சவன், கால்குலேட்டர எடுத்தான். அண்ணன் சுவத்துல கரிக்கோட்டால 15, 18, 21ன்னு எழுதி வச்சாரு. படுக்கும்போது எதிர்ல அதுதான் தெரியுது.

அக்கா சங்கிலிக்கு வட்டி இந்த மாசம் 20-ஆம் தேதிக்குள்ள.

12 ஜூன், புதன்

குவைத்ல தீ. நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க. எல்லாம் நம்மள மாதிரி வேலைக்குப் போனவங்க.

13 ஜூன், வியாழன்

அம்மா காலையில இருந்து விடாம கூப்பிடுறாங்க. "தம்பி, வந்துரு. கட்டுன காசு போனாப் போகட்டும்." நான் போறது குவைத் இல்லம்மா, சிங்கப்பூருன்னேன். "எல்லாம் கப்பலு ஏறிப் போற ஊருதானே"ங்குறாங்க. கப்பல் இல்லம்மான்னு சிரிச்சேன், அவங்க சிரிக்கல.

கீழ பிடிச்ச தீ. விடியக்காலம். மேல தூங்கிட்டு இருந்தவங்கள புகைதான் கொன்னிருக்கு. வேலை செய்யுற இடத்துல இல்ல, படுக்குற இடத்துல. இதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. உசரத்துல ஏறினா பெல்ட்டு, பள்ளத்துல இறங்கினா கேஸ் இருக்கான்னு பாக்கணும், ரிட்டன் டெஸ்ட்டுக்குப் படிக்கிற கேள்வியில பாதி இதுதான். படுக்குற இடத்தப் பத்தி ஒரு கேள்வியும் இல்ல.

இங்க மாடியில இருந்து இறங்க ஒரே படி. ராத்திரி பத்து மணிக்கு வாட்ச்மேன் கீழ கிரில் கேட்டைப் பூட்டிட்டு சாவியோட முன்னாடி ஷெட்டுல போய்ப் படுக்குறாரு. வந்த அன்னையில இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன், இன்னிக்குத்தான் பூட்டு கண்ணுல படுது. அண்ணன்கிட்ட சொன்னேன். அவரு ஒண்ணும் பேசாம இறங்கிப் போயி வாட்ச்மேன்கிட்ட ஒரு சாவி வாங்கிட்டு வந்து ஆணியில மாட்டுனாரு. எப்படிக் கேட்டாருன்னு தெரியல. குரல் ஒண்ணும் மேல கேக்கல.

14 ஜூன், வெள்ளி

விமானப்படை விமானம் கொச்சிக்கு வந்துச்சு. 45 பேரு உடல். அதுல நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க 7 பேரு. மாஸ்டர் டிவிய அணைச்சிட்டு பம்ப்ப எடுத்தாரு.

17 ஜூன், திங்கள்

மரை ஒழுகாம இருக்கச் சுத்துறது சணலா டேப்பான்னு சண்டை. மாஸ்டர் சணல் கட்சி. மரையில நாலு இழைய நுனியில இருந்து மேல நோக்கி, ஃபிட்டிங் முறுக்குற திசையிலேயே சுத்தி, மேல பேஸ்ட் தடவணும். எதிர் திசையில சுத்துனா முறுக்கும்போதே உரிஞ்சு வெளிய வந்துரும். டேப்புக்கும் அதே சட்டம். சணல்ல ஒரு வசதி, கால் சுத்து பின்னாடி வந்தாலும் ஒழுகாது. டேப்புல பின்னாடி எடுத்தா அவுத்துப் புதுசா சுத்த வேண்டியதுதான். எனக்கு சணல் வாசன பிடிச்சிருக்கு. டெஸ்ட்டுல டேப்புதான் தருவாங்கன்னு தம்பி சொல்றான்.

18 ஜூன், செவ்வாய்

குழாயச் சரி பண்ணிரலாம்னு மூணு பேரும் கெளம்பினோம். ஸ்பிண்டில் வாஷர், அஞ்சு ரூவா சாமான். மொட்டை மாடியில கேட் வால்வ மூடிட்டுத்தான் கழட்டணும். கேட் வால்வு திரும்பல. ரெஞ்சு போட்டா கழுத்து உடையும், உடைஞ்சா டேங்க் தண்ணி பூரா மாடியில. வந்துட்டோம். பிளம்பிங் படிக்க வந்த இத்தன பேரு தங்குற இடத்துல குழாய் சொட்டுதுன்னு வெளிய சொன்னா காறித் துப்புவாங்க.

20 ஜூன், வியாழன்

வட்டி கட்டியாச்சு. தம்பிகிட்ட கைமாத்து.

21 ஜூன், வெள்ளி

டிராயிங் பாத்து முழு பைப்பு ஃபிரேம். நாலு எல்போ, ஒரு டீ, ஒரு யூனியன், வால்வு. ரசமட்டத்துல குமிழி நடுவுல நின்னுச்சு. அளவெல்லாம் ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள.

தண்ணி 10 மீட்டர் உசரத்துக்கு நின்னாத்தான் ஒரு கிலோ பிரஷர். ரெண்டு மாடி வீட்டு டேங்க்குல இருந்து கீழ வர்றதுக்கு ஒரு கிலோகூட கிடையாது. ஒழுகுதான்னு பாக்க ஃபிரேமுக்குப் பம்ப் வச்சு ஏழு கிலோ ஏத்துறோம். முதல்ல உள்ள இருக்குற காத்த முழுசா வெளிய விட்டுடணும், காத்து அமுங்கும், பிரஷர் கேஜ் முள்ளு பொய் சொல்லும்.

ஏழுல நின்ன முள்ளு கொஞ்ச நேரத்துல ஆறுக்கு வந்துச்சு. ஒவ்வொரு ஜாயின்ட்டா காஞ்ச துணியால தொடச்சேன். கீழ நியூஸ்பேப்பர் விரிச்சேன். ஒரு சொட்டு இல்ல. யூனியன் முகத்துல தூசியோன்னு அவுத்துத் தொடச்சு மாட்டினேன். மறுபடி ஏழு, மறுபடி ஆறு. வயித்தக் கலக்கிருச்சு. இங்கேயே இப்படின்னா டெஸ்ட்டுல, சங்கிலி என்ன ஆகும், கைமாத்து என்ன ஆகும்னு அது பாட்டுக்கு ஓடுது.

சாயங்காலம் மாஸ்டர் வந்தாரு. ஃபிரேமத் தொடவே இல்ல. பம்ப் ஹோஸ் நட்ட அவுத்து வாஷர எடுத்துக் காட்டினாரு. வெடிச்சிருந்துச்சு. மாத்தினோம். முள்ளு அசையல.

சந்தோஷப்படணும். ஆனா மத்தியானம் பூரா என் கை மேலயே எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சேன்னு கோவம்தான் வந்துச்சு.

24 ஜூன், திங்கள்

டெஸ்ட் தேதி வரல.

26 ஜூன், புதன்

தேதி வரல. அம்மாவுக்கு நிம்மதி, குரல்லயே தெரியுது.

29 ஜூன், சனி

அப்பாகிட்ட நானே கேட்டேன், பாளை என்னாச்சுன்னு. அணில் கடிச்சிருச்சாம். முதல் பாளை நிக்காது, அடுத்தது நிக்கும்ங்குறாரு. நான் வர்றேனா போறேனான்னு அவரு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல.

தேதி வந்துருச்சு. புதன்கிழமை.

2 ஜூலை, செவ்வாய்

காலையில ஆறு மணிக்கு வேன். பாஸ்போர்ட், டேப், பென்சில் ரெண்டு, சேஃப்டி ஷூ எடுத்து வச்சாச்சு. லைட்ட அணைச்சு ரொம்ப நேரமாச்சு. அண்ணன் இருட்டுல கேக்குறாரு, முக்கா இஞ்சுக்கு எவ்வளவுடான்னு. பதினெட்டுண்ணே. நீங்கதான் சுவத்துல எழுதினீங்க, படுங்க.